ரத்தம் வராத அலகு

எங்கள் கோயிலில் இருபத்திரண்டு வருடம் அலகு குத்தினேன். இனிமேல் குத்தமாட்டேன். கை சரியில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் மரமெல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். மாரியம்மன் மட்டும் தாமானுக்குப் பின்னால் அதே இடத்தில் இருக்கிறாள். லயத்து வரிசை வீட்டுச் சனம் ஈப்போ, பத்து காஜா, சிலிம் ரிவர் என்று வேலை தேடிப் போய்விட்டது. திருவிழா என்றால் மட்டும் எல்லாரும் காடியில் ஏறி வந்துவிடுவோம்.

அலகு குத்துவதற்கு ஒரு முறை உண்டு. ஆற்றில் குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியோடு ஆள் வந்து நிற்பான். உறுமி சத்தம் ஏறும். நான் அவன் தாடையைப் பிடித்து, "வாயத் தொற. அம்மாவ நெனச்சிக்க," என்பேன். கன்னத்தில் விபூதியை அழுத்தித் தேய்த்து ஒரே தள்ளு. இந்தக் கன்னத்தில் போன அலகு அந்தக் கன்னத்தில் வந்துவிடும். ரத்தம் வராது. வந்தால் விரதத்தில் கோளாறு என்று அர்த்தம். கறி தின்றிருப்பான், தண்ணி போட்டிருப்பான், இல்லையென்றால் பெண்டாட்டி பக்கத்தில் படுத்திருப்பான். எனக்கு முன்னால் குத்தியவர் அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, கத்திச் சொன்னேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். சாமி காரியத்தில் கோபப்பட்டால் சனம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொள்ளும். எனக்கு அது வசதியாக இருந்தது.

போன வருடத் திருவிழாவில் தர்மா வந்து நின்றான். எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி வளர்ந்தவன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். பத்து காஜாவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பான். நெஞ்சு வலி வந்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு அதை அடியோடு விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். உயிர் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன்தான் அந்த அலகு. மனைவி புனிதாவும் மகள் தினேஸ்வரியும் மஞ்சள் உடுத்திப் பக்கத்தில் நின்றார்கள்.

குத்தினேன். ரத்தம் வந்தது. கன்னத்திலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. விபூதியை வைத்து அழுத்தினேன். விபூதி சேறானதுதான் மிச்சம், ரத்தம் நிற்கவில்லை. அலகை உருவிவிட்டேன். தர்மா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, "அண்ணே, நான் மருந்து..." என்று ஆரம்பித்தான். நான் முடிக்க விடவில்லை. மைக் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன்.

"விரதம் ஒழுங்கா இல்லாதவங்க அம்மா முன்னால வந்து நிக்காதீங்க. நம்மள ஏமாத்தலாம் லா, அவள ஏமாத்த முடியாது. பாருங்க, காட்டிக் குடுத்துட்டா!"

உறுமிக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். அத்தனை பேரும் தர்மாவைப் பார்த்தார்கள். பழைய குடிகாரன் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் நம்புவதற்கு யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. புனிதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு நடந்தாள். தர்மா துண்டோடு பின்னால் போனான். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. மெங்லெம்பு பக்கம் ஒரு மார்பிள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வலது கை ஸ்டீரிங்கிலிருந்து தானாக நழுவியது. இறங்கலாம் என்றால் கால் வரவில்லை. கூட வேலை செய்த பங்களாதேஷ்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடினார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் என் மனைவி நவமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டாள். "தாயே, இவரு வாய நேராக்கிக் குடு. அந்த வாயிலயே அலகு போட்டு ஒன் வாசலுக்கு வரச் சொல்றேன்." ஊர் வாயில் எல்லாம் குத்தியவன் நான், என் வாயில் அதுவரை குத்திக்கொண்டதில்லை. எங்கள் கோயிலில் குத்துகிறவனிடம் யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள்.

வாய் நேரானது. கையும் முக்கால்வாசி திரும்பியது. வீட்டுக்கு அனுப்பும் அன்று மருந்து கொடுக்கிற மலாய்ப் பெண் என்னையும் நவமணியையும் உட்காரவைத்து ஒவ்வொரு மாத்திரையாக எடுத்துக் காட்டினாள். இது பிரஷருக்கு, இது கொழுப்புக்கு, இந்தக் குட்டி மாத்திரை ரத்தம் கட்டாமல் இருப்பதற்கு. ஒரு முறை ஸ்ட்ரோக் வந்தவருக்கு இன்னொரு முறை வருவது சுலபம், அது இதைவிட மோசமாக இருக்கலாம், அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைத்து எதையும் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள் என்றாள். பல் பிடுங்கப் போனால் குட்டி மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லச் சொன்னாள். அதைச் சாப்பிடுகிறவருக்குக் காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காதாம்.

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவங்களுக்கும் இந்த மருந்துதானா?" என்று மலாயில் கேட்டேன்.

"இதுவும் கொடுப்பார்கள், கூட இன்னொன்றும் கொடுப்பார்கள். ஏன் பாக்சிக்?" என்று மாமா முறை சொல்லிக் கேட்டாள்.

"தெரிஞ்சவரு ஒருத்தர் இருக்காரு."

"அவரிடமும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்."

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தர்மாவின் துண்டை நினைத்தேன். 'அண்ணே, நான் மருந்து' என்று அவன் ஆரம்பித்தது காதில் கேட்டது. வீட்டுக்குப் போனதும் அவனைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். அன்று கூப்பிடவில்லை. உடம்பு தேறட்டும் என்று தள்ளினேன், தேறிய பிறகு தீபாவளி முடியட்டும் என்று தள்ளினேன். ஏழு மாதம் அப்படியே ஓடிவிட்டது.

மற்றதிலெல்லாம் நான் நல்ல பிள்ளை. சிகரெட்டை விட்டேன். கடையில் தே ஓ கோசோங் குடித்தேன், பாலும் சீனியும் இல்லாத அந்த டீக் கசப்பை ருசித்துக் குடிப்பதாக நடித்தேன். நவமணி பிளாச்சான் இறால் விழுதையும் கருவாட்டையும் வீட்டை விட்டே துரத்தினாள். உப்பு டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் காலையில் புந்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திடலை நாலு சுற்று நடப்பேன். தொழிற்சாலையில் என்னை கேட்டில் காவலுக்கு ஜாகாவாகப் போட்டார்கள். பிரஷர் மெஷின் நல்ல நம்பராகக் காட்டியது. காலையில் நவமணி உள்ளங்கையில் மாத்திரையை வைத்து நீட்டுவாள், நான் வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஒரு வேள தவற விட்டதில்ல லா எங்க வீட்டுல," என்று பெருமையாகச் சொல்லுவாள்.

திருவிழா நெருங்கியது. நவமணியின் வேண்டுதல் ஊருக்கே தெரிந்திருந்தது. கனகராஜ் அண்ணனே அலகு போடுகிறாராம் என்று ஆளாளுக்கு போன் செய்தார்கள். விரதத்துக்கு மஞ்சள் கயிறு கட்டிய அன்றே எனக்கு ஒரே ஒரு பயம்தான். என் கன்னத்தில் ரத்தம் வந்தால்?

கோயில் தலைவர் பத்துமலையிடம் போய், அலகு வேண்டாம், பால்குடம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். மாத்திரையைச் சொல்ல வேண்டும். மாத்திரையைச் சொன்னால் தர்மாவைச் சொல்ல வேண்டும். போன வருடம் மைக்கில் கத்தியது தப்பு என்று இத்தனை பேருக்கு முன்னால் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாகக் குட்டி மாத்திரையைப் பத்து நாள் நிறுத்துவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். விரதத்தில் கறி இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு, காலில் செருப்பில்லாமல் நடக்கிறேன். டாக்டர் சொன்னதெல்லாம் இதுதானே? விரதமே பெரிய மருந்து, அதற்கு மேல் ஒரு குட்டி மாத்திரை எதற்கு என்று நினைத்தேன். இப்போது இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது நம்பினேன். நம்புவதற்குத் தேவை இருந்தது.

நவமணி கொடுக்கும் மாத்திரைகளில் பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு, குட்டியை மட்டும் வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன். ஸ்ட்ரோக் வந்த பக்கம், கொஞ்சம் மரத்துப்போனது, கசப்பு அவ்வளவாகத் தெரியாது. பிறகு குளியலறைக்குப் போய்த் துப்பித் தண்ணீர் ஊற்றிவிடுவேன். முதல் நாள் கதவைத் தாழிட்டு இரண்டு வாளி ஊற்றினேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் எனக்கு அலகு குத்தியது சீனி. ஆறு வருடம் எனக்குக் கையாளாக நின்றவன். "அண்ணே, வாயத் தொறங்க," என்றபோது அவனுக்குத்தான் வியர்த்தது. குத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவை நினைக்காமல், ரத்தம் வருகிறதா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கூட்டம் கத்தியது. நவமணி காலில் விழுந்தாள். பத்துமலை மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்குங்க, இதுதான் விரதம்! ஸ்ட்ரோக் வந்த மனுசன், பொட்டு ரத்தம் இல்ல!" என்றார்.

கோயிலில் அலகை எடுத்த பிறகு மோர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். தர்மா வந்தான். ஒரு வருடமாகக் கோயில் பக்கம் வராதவன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தான்.

"அண்ணே, ஒங்களுக்கும் ரத்தத்த தண்ணியாக்குற மாத்திர குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க."

"சாப்புடுறீங்களா?"

அவன் என்னை மடக்கக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அந்த இடத்தில், அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"தெனமும்," என்றேன்.

"அப்புறம் எப்டிண்ணே ரத்தம் வரல?"

"விரதம் சுத்தமா இருந்தா அம்மா பாத்துக்குவா தர்மா."

அவன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்கிட்டதான் கோளாறு போல," என்று சொல்லிவிட்டு நடந்தான். நான் மோரைக் குடித்து முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது தோசை கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போய் நாற்காலியோடு சாய்ந்தேன். நவமணியைக் கூப்பிட வாயைத் திறந்தேன், வெறும் சத்தம்தான் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, வாய் மறுபடியும் போய்விட்டது என்று. அலகு குத்திய காயம்கூட ஆறியிருக்கவில்லை.

டாக்டர் பவித்ரன் என்று ஒரு இளவயதுக்காரர், தமிழ்ப்பிள்ளை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் ஸ்ட்ரோக்தான். உடனே கொண்டுவந்தீங்க, அது நல்லதாப் போச்சு," என்றார். பிறகு நவமணியிடம் கேட்டார். "மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"ஒரு வேள தவறல டாக்டர். என் கையாலதான் குடுக்குறேன்." மாத்திரை டப்பாவையே கொண்டுவந்திருந்தாள். திங்கள், செவ்வாய் என்று எழுதிய கட்டங்களைத் திறந்து காட்டினாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாங்க ஐயா?"

தலையை ஆட்டினேன்.

"சாப்பிட்டும் வந்திருக்குன்னா இந்த மருந்து இவருக்குப் பத்தலைன்னு அர்த்தம். வேற மருந்துக்கு மாத்தணும், இல்ல ஒண்ணு கூடச் சேக்கணும். அதுல வயித்துல ரத்தம் கசியிற ஆபத்து கொஞ்சம் கூட. யோசிச்சுத்தான் செய்யணும்," என்றார். "சாப்பாட்டுல ஏதும் மாற்றம் உண்டா?"

நவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "கருவாட்டுக் கொழம்பு வச்சேன் டாக்டர். திங்கக்கெழம. விரதம் முடிஞ்சிச்சு, ஆச ஆசையா இருந்தாருன்னு பசார்ல வாங்கிட்டு வந்து வச்சேன். நான்தான் டாக்டர். வீட்டுக்குள்ள விடாத சாமானை நானே கொண்டாந்து குடுத்தேன்."

"ஒரு நாள் கருவாட்டுக் கொழம்புல இப்படி வராதும்மா," என்றார் டாக்டர். அவள் கேட்டால்தானே. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போன முறை வேண்டிக்கொண்டாளே அதே மாதிரி நின்று, நான்தான் நான்தான் என்று அழுதாள். நான் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு குழறுகிறது என்பது எனக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது. உண்மையில் மெதுவாகச் சொன்னால் புரிகிற அளவுக்குப் பேச்சு இருந்தது. என் ஐம்பத்தாறு வயதில் அந்த மத்தியானத்தைப் போல நான் கேவலமாகக் கிடந்ததில்லை.

சாயங்காலம் அவள் வராந்தாவில் யாரிடமோ போன் பேசிவிட்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"புனிதா பேசினா. நீங்க படுத்திருக்கிறதச் சொன்னேன். ஊர்க்கண்ணு பட்டுப்போச்சு அக்கான்னு சொல்றா." தலையணையைச் சரிசெய்தாள். "பாவம், அவளுக்கு வேற கவல. தர்மா அன்னைக்கு ஒங்களப் பாத்துட்டுப் போனதுலருந்து மாத்திரையெல்லாம் நிறுத்திட்டாராம். மாத்திரை உறையில மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கும், அதான் போன வருசம் விரதம் கெட்டுச்சுன்றாராம். ஒரு மண்டலம் இருந்து, சிலிம் ரிவர் பக்கம் ஒரு கோயில்ல ஆடி மாசம் அலகு போடப் போறாராம். ஸ்டென்ட் வச்ச டாக்டரு நிறுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு அவ அழுவுறா. கேட்டா, கனகராஜ் அண்ணனே சொன்னாரு, சுத்தமா இருந்தா அம்மா பாத்துக்குவா, அவருக்கு ஒரு சொட்டு வரலியேன்றாராம்."

ஞாயிறு, திங்கள், செவ்வாய். அவன் நிறுத்தி மூன்று நாள் ஆகிவிட்டது. நான் நிறுத்திப் பன்னிரண்டாம் நாள் விழுந்தேன். அவனுக்கு இருப்பது நெஞ்சுக்குள் ஸ்டென்ட். அடைத்துக்கொள்ளும் என்று அந்த மலாய்ப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் வேன் ஓட்டுகிறவன், பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

"மணி," என்றேன். குழறியது. இன்னும் மெதுவாகச் சொன்னேன். "நான் முழுங்கல."

"என்னது?"

"அந்தச் சின்ன மாத்திர. பத்து நாளு... அலகுக்கு முன்னால. கன்னத்துல ஒதுக்கி, துப்பிட்டேன். ரத்தம் வரக் கூடாதுன்னு. அப்புறமும், காயம் ஆறட்டும்னு போடல."

அவள் என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள்.

"கருவாடு கருவாடுன்னு அந்த டாக்டர் பிள்ள முன்னால அழுதேனே," என்றாள் கடைசியில். "பாத்துக்கிட்டுத்தானே படுத்திருந்தீங்க?"

தர்மாவைப் பற்றியும் சொன்னேன். போன வருடம் அவன் சொல்ல வந்ததை, நான் மைக்கை எடுத்ததை, மோர்ப் பந்தலில் சொன்ன பொய்யை. சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. அவள் போனை எடுத்து நம்பரைத் தட்டி என் வாய்ப்பக்கம் வைத்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

தர்மா எடுத்தான். "அண்ணே! எப்டி இருக்கீங்க? புனிதா சொன்னா..."

"தர்மா, நான் பொய் சொன்னேன். நான் மாத்திர சாப்புடல. நிறுத்திட்டுத்தான் அலகு போட்டேன். அதான் ரத்தம் வரல. அதான் இப்ப இங்க கெடக்குறேன். நீ இன்னைக்கே மாத்திரயப் போடு."

வேனுக்குள் ரேடியோ பாடுவது கேட்டது. அதை அணைத்தான்.

"அன்னைக்கு நான் அததான் சொல்ல வந்தேன்."

"தெரியும்."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஏழு மாசமா."

"ஏழு மாசமா." அவன் குரல் உயரவில்லை. "அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில எம்மக கேட்டா அண்ணே, அப்பா மறுபடி குடிச்சீங்களான்னு. இல்லன்னேன். அவ நம்பல. பன்னெண்டு வயசுப் பிள்ள, இன்னைக்கு வரைக்கும் என் வாயக் கிட்ட வந்து மோந்து பாக்குது. நானே எம்மேல சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டேன் லா."

"தப்புதான் தர்மா. மன்னிச்சிரு."

"போன்ல சொல்றீங்க," என்றான். "அன்னைக்கு மைக்ல சொன்னீங்க."

"மாத்திர போடுறியா?" என்று கேட்டேன். அதற்குள் வைத்துவிட்டான். நவமணி மறுபடி தட்டினாள். எடுக்கவில்லை.

மறுநாள் டாக்டரிடமும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "சொன்னீங்களே, நல்லவேளை. இல்லாட்டி மருந்து வேல செய்யலன்னு நெனச்சு தேவையில்லாம பெரிய மருந்துக்குப் போயிருப்போம்," என்றார். திட்டவே இல்லை. விரதம் இருங்கள், நடங்கள், கறியைக் குறையுங்கள், எல்லாம் நல்லது, ஆனால் அதெல்லாம் மாத்திரையோடுதான், மாத்திரைக்குப் பதிலாக இல்லை என்றார். என் மகன் வயதுகூட இருக்காது. அவர் ஐயா என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தலை குனிந்தது.

மறுபூசை திருவிழாவிலிருந்து எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். போக வேண்டும் என்றேன். நவமணி சரி என்று மட்டும் சொன்னாள். அந்த மூன்று நாளும் தேவைக்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோலை ஊன்றிக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு போனேன். கூட்டம் வழிவிட்டது. பாவம் என்று சிலர் உச்சுக் கொட்டினார்கள். தீபாராதனை முடிந்ததும் பத்துமலையிடம் மைக் கேட்டேன். அம்மாவுக்கு நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து அவரே பிடித்துக்கொடுத்தார்.

"போன வருசம் இந்த எடத்துல தர்மாவ, விரதம் இல்லாதவன்னு சொன்னேன்," என்று ஆரம்பித்தேன். ஸ்பீக்கரில் என் குழறல் பெரிதாகக் கேட்டது. பின்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. "அவரு குடிக்கல. நெஞ்சுக்கு மாத்திர சாப்புட்டாரு. அந்த மாத்திர சாப்புட்டா யாருக்கும் ரத்தம் வரும். நானும் அந்த மாத்திரதான். ரத்தம் வந்தா நீங்க என்ன நெனப்பீங்கன்னு பயந்து, பத்து நாளு நிறுத்திட்டு வந்து அலகு போட்டேன். நீங்க கும்புட்டது அந்தப் பொய்யத்தான்."

எச்சில் வழிந்து சட்டையில் விழுந்தது. துடைக்கலாம் என்றால் ஒரு கையில் கோல், ஒரு கையில் மைக். பத்துமலை கிட்டே வந்து, "போதும் அண்ணே, ஒடம்பு முடியாம பேசுறீங்க," என்று மைக்கை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. "மாத்திர சாப்புடுறவங்க அலகு போடாதீங்க. பால்குடம் எடுங்க. அலகுக்காக மாத்திரய நிறுத்தாதீங்க. தர்மா, எல்லார் முன்னாலயும் சொல்றேன், மன்னிச்சிரு."

சீனி அலகுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து இருளாயி அக்கா, "நானும் தீமிதிக்கு முன்னால ஒரு வாரம் எல்லா மாத்திரையும் நிறுத்திருவேன் லா, அது தப்பா?" என்று கேட்டாள். பக்கத்தில் இரண்டு பேர் அவளையே பார்த்தார்கள். அவர்களும் நிறுத்தியவர்கள்தான் என்பது முகத்தில் தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேர் என் நாக்குக்குப் பயந்து நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தபோது மைக் கனத்தது. பத்துமலையிடம் கொடுத்துவிட்டேன்.

தர்மா உள்ளே வரவில்லை. வெளியே வேனில் சாய்ந்து நின்று கேட்டிருக்கிறான். தினேஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இழுத்து இழுத்து அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் நீட்டினான். ஐந்து குழி காலியாக இருந்தது.

"புதன்கெழமையிலருந்து," என்றான்.

"சரி," என்றேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல அண்ணே. அதுக்கு நாளாவும்." அட்டையைப் பைக்குள் போட்டான். "நீங்க போட்டீங்களா இன்னைக்கு?"

"போட்டேன்."

அவன் என்னை நம்பாமல், எனக்குப் பின்னால் நின்ற நவமணியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டிய பிறகுதான் வேனில் ஏறினான்.

இப்போது தினமும் காலையில் நடப்பது இதுதான். நவமணி உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்து நீட்டுகிறாள். நான் போட்டுத் தண்ணீர் குடிக்கிறேன். அவள் உடனே அடுப்படிக்குப் போவதில்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்புகிறாள்.

"வாயத் தொறங்க."

திறக்கிறேன். நாக்கைத் தூக்கச் சொல்கிறாள், தூக்குகிறேன். வலது கன்னத்துக்குள், அலகுத் தழும்பு இருக்கும் இடத்தில், விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போகிறாள்.